மூன்றாம் பாகமும் புதிய மெஷினும்

மச்சான் கண்ணாடி அலுமாரியின் நடுத்தட்டை வெறுமையாக்கி, கொழும்பிலிருந்து வந்த கறுப்பு கேம் மெஷினை அங்கே வைத்த காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புது அட்டைப்பெட்டியின் மணம் கடை முழுக்க இருந்தது. பின்னறையில் அதே பெட்டிகள் கூரைவரை அடுக்கிக் கிடந்தன.

மச்சான் என் மூத்த சகோதரியான ராத்தாவின் கணவர். சாய்ந்தமருதிலிருந்த அவருடைய முதல் கடையைச் சுனாமியில் கடல் கொண்டுபோன பிறகு, கல்முனைப் பிரதான வீதியில் இந்தக் கடையைப் போட்டார். நான் ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படுகிறவன் என்பதால், கேட்ட விளையாட்டின் இறுவட்டை எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. பொடியன்மார் பைத்தியமாக இருந்த ஒரு கார்ப் பந்தய விளையாட்டின் முதல் இரண்டு பாகங்களும் எங்களிடம் நன்றாக ஓடின. மூன்றாம் பாகம் புதிய மெஷினில் மட்டும்தான் ஓடும் என்று கேள்விப்பட்டதும், அந்தப் பாகமே மெஷினை விற்றுத் தரும் என்று மச்சான் நம்பினார். விற்காவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு அவர் கத்தாருக்கு வேலைக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. ராத்தாவோ, கடல் வந்த நாளிலிருந்து, மச்சான் பள்ளிக்குத் தொழப் போய்த் திரும்பும்வரைகூட வாசலை விட்டு நகராதவர்.

மூன்றாம் பாகம் வந்தது. ஒரு மெஷினை டீவியில் பொருத்தி ஓடவிட்டோம். அஸர் தொழுகை முடிந்ததும் பொடியன்மார் கடையை நிறைத்தார்கள், ஆளுக்கொரு சுற்று ஓட்டினார்கள், போனார்கள். ஒருவரும் வாங்கவில்லை. சில வாரங்களில் அதே பாகம் பழைய மெஷினுக்கும் வந்துவிட்டது. "மெஷின நீங்களே வச்சிக்கங்க காக்கா, மூணாம் பாகத்த மட்டும் தாங்க" என்று ஒருவன் மச்சானிடம் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். அன்று பின்னேரம் பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கப் போனார்.

வடக்கில் சண்டை முடியப்போகிறது என்று கதை அடிபட்ட மாதங்கள் அவை. வீதியில் சோதனைச் சாவடிகள் கூடின. மஃரிப் தொழுகைக்குப் பிறகு, இருட்டில் வெளியே நிற்கும் பிள்ளைகளை யாரும் பிடித்துக்கொண்டு போவார்களோ என்று எல்லா வீட்டிலும் பயம். ஒரு நாள் ஒரு தாய் தனியாகக் கடைக்கு வந்தார். என்ன விளையாட்டு, எத்தனையாம் பாகம் என்று ஒன்றும் கேட்காமல் மெஷினைக் காட்டினார்.

"இத வாங்கினா மகன் வீட்ட இருப்பானா தம்பி?"

மச்சான் ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

"அது எனக்குச் சொல்லத் தெரியா. ஆனா ரெண்டு பேர் சேர்ந்து விளையாடலாம். கூட்டாளியையும் வீட்ட வரச் சொல்லுங்க."

அந்தத் தாய் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த கிழமை அவருடைய அயல்வீட்டுக்காரி வந்தார். பிறகு தாய்மார் இருவர் மூவராக வரத் தொடங்கினார்கள். மூன்றாம் பாகத்தையும் சேர்த்துத்தான் கொடுத்தோம். அதற்காக வாங்கியவர்கள் யாருமில்லை. பெட்டிகள் குறையப் பின்னறை வெளித்துக்கொண்டு வந்தது. எனக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை. அந்தப் பயந்த முகங்களை நேரே பார்த்துப் பெட்டியைக் கொடுப்பது கஷ்டமாக இருந்தது.

சண்டை முடிந்ததும் விற்பனையும் நின்றது. அதற்குள் கடை தப்பிவிட்டது. "நான் போகல்ல" என்று மச்சான் ராத்தாவிடம் சொன்னார். ராத்தா "ஓம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் அடுப்படியில் நெடுநேரம் அழுதார்.

இப்போது கடையை நான்தான் பார்க்கிறேன். பாகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன, மெஷின்களும் மாறிவிட்டன. அடுத்தது எப்போது வரும் என்று பொடியன்மார் கேட்டு நிற்கும்போது, நான் அவர்களுடைய தலைக்கு மேலால் வாசலைப் பார்க்கிறேன், தாய்மார் யாரும் வருகிறார்களா என்று. ஊரில் பயம் கூடிய சில வருடங்களில் வந்தும் இருக்கிறார்கள்.