கதவு ஒட்டிய நான்கு ஞாயிறுகள்

என்னுடைய கார் பதுளையில் ஓடும் மற்றக் கார்களைப் போலத்தான். ஏற்றத்தில் இரைக்கும், இறக்கத்தில் பெருமைப்படும். ஜப்பானில் யாரோ ஒருவர் போதும் என்று கைகழுவிய பிறகு கப்பலேறி வந்தது. இங்கே இரண்டு பேரைக் கடந்து மூன்றாவதாக என் கைக்கு வந்தபோது, அந்த இருவரின் கோபதாபங்களும் அதன் உடம்பில் பதிந்திருந்தன. ஆனாலும் புது வாகனங்கள் நாட்டுக்குள் வராமல் நின்றுபோன வருடங்களில், பழைய காருக்கு வயது ஏற ஏற மரியாதையும் ஏறியது. மனிதர்களுக்கு அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

அந்தக் காரில் எனக்குப் பிடித்தது என்ஜின் அல்ல. இங்கே அதை முதலில் வாங்கியவர் நான்கு கதவுகளின் உட்புறத்துக்கும் தடித்த பொலித்தீன் உறை போட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்த நிமிடமே இவர் நம்ம ஆள் என்று தெரிந்துவிட்டது. நாங்கள் டிவி ரிமோட்டைப் பொலித்தீன் பையோடுதான் அமுக்குவோம். எங்கள் வீட்டு சோபா, அதன் உறைக்குள்ளேயே பிறந்து உறைக்குள்ளேயே கிழடாகிக்கொண்டிருக்கிறது. பொருளின் பளபளப்பை விருந்தாளிக்காகப் பத்திரப்படுத்துகிறோம் என்று பெயர். விருந்தாளி வந்தாலும் உறையைக் கழற்றுவதில்லை என்பது வேறு விஷயம்.

என் ஒரே அக்கா கொஸ்லந்தயில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறாள். அவளுடைய மகளுக்கு வெலிமடையில் மாப்பிள்ளை பார்த்து, ஆவணியில் கல்யாணம் என்று முடிவாயிற்று. கரட்டும் லீக்ஸும் ஏற்றும் லொறி ஒன்று வைத்திருக்கும் குடும்பம். பெண் பார்க்க அவர்கள் வந்த அன்று எங்கள் பாடசாலையில் விளையாட்டுப் போட்டி இருந்ததால் நான் போகவில்லை. உப அதிபரான நான் இல்லாவிட்டால் பிள்ளைகள் ஓட மாட்டார்கள் என்று அந்தக் காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். "புள்ள ஒன் கார்லதான் மண்டபத்துக்குப் போகணும்" என்று அக்கா தொலைபேசியில் சொல்லிவிட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. காரைப் பளிச்சென்று துடைத்து வைக்கலாம் என்று, அத்தனை வருடத்தில் முதன்முறையாகக் கதவின் பொலித்தீனை உரித்தேன்.

பொலித்தீனோடு கதவின் துணியும் சேர்ந்து வந்துவிட்டது. அப்புத்தளைப் பனியும் பதுளை வெயிலும் மாறி மாறி உள்ளே புகுந்து, வெளியேற வழியில்லாமல் துணிக்குப் பின்னாலிருந்த பஞ்சை உளுத்துப்போகச் செய்திருந்தன. தொட்டால் கடலை மா போல உதிர்ந்தது. நான்கு கதவும் அப்படித்தான். மணப்பெண் சாய்ந்துகொள்ள வேண்டிய இடத்தில் மஞ்சள் தூளும் பிசினும் மிச்சம்.

கார்களுக்கு உறை தைக்கும் குஷன் கடை பாஸிடம் கொடுத்திருக்கலாம். அவர் ஆயுள் முழுக்க அந்த வேலையைத்தான் செய்கிறார். ஆனால் கைத்தொலைபேசியில் ஒரு வீடியோ பார்த்தேன். அதில் ஒரு மனிதர் வெள்ளைச் சட்டையில் ஒரு துளி அழுக்குப் படாமல் கதவு ஒட்டினார். அவரால் முடிந்தது பட்டதாரியான என்னால் முடியாதா?

முதல் ஞாயிறு, கதவின் உள்பலகையைக் கழற்றுவதோடு முடிந்தது. பலகையைக் கதவோடு பிடித்திருப்பவை சின்னச் சின்ன பிளாஸ்டிக் கிளிப்புகள். வீடியோவில் டப் டப்பென்று அழகாக விடுபட்டன. என் கையில் டப் டப்பென்று அழகாக உடைந்தன. ஒன்று எங்கோ தெறித்துப் பறந்துவிட, நான் காருக்கு அடியில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அக்காவின் மகள் வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பதுளையில் அவளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு. முடிந்ததும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறுவாள்.

"மாமா, எடம் கெடச்சிருச்சி" என்று ஒரு கடிதத்தை நீட்டினாள்.

கல்வியியற் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சிக்கு அவளைத் தெரிவுசெய்திருந்தார்கள். அவள் தோட்டத்தில் அதுவரை யாருக்கும் கிடைக்காத இடம். மூன்று வருடப் படிப்பு. விடுதியில் தங்க வேண்டும். கல்யாணமானவர்களைச் சேர்க்க மாட்டார்கள். பதிவுக்கு வரச்சொன்னது அன்றிலிருந்து நான்காவது ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமை. கல்யாணம் அதற்கும் மூன்று வாரம் கழித்து.

"கல்யாணத்த கொஞ்சம் தள்ளி வக்கணும் மாமா. அப்பா போய்க் கேக்க மாட்டாராம். பொண்ணு வீடு பின்வாங்குறாங்கன்னு நெனச்சிருவாங்களாம். நீங்க போயி பேசுனா அப்பா ஒன்னும் சொல்ல மாட்டாராம்."

எங்கள் குடும்பங்களில் தாய்மாமனுக்கு இப்படியொரு உத்தியோகம் உண்டு. பெண்ணைப் பெற்றவர்கள் வாய்விட்டுச் சொல்ல முடியாததைச் சம்பந்தி வீட்டில் போய் அவன் சொல்லலாம். யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். காது குத்தும்போது மடி கொடுத்தேன். அவள் பெரியமனுஷி ஆனபோது சீர்த்தட்டு சுமந்தேன். இதற்கு மடியும் வேண்டாம், தட்டும் வேண்டாம், ஒரு நாக்கு போதும். பெற்றோர் கூட்டங்களில் பெண் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி மணிக்கணக்காக நான் ஆட்டும் அதே நாக்கு.

"நான் போய்ப் பேசுறேம்மா. இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். இந்தக் கதவை மட்டும் முடித்துவிட்டால் போதும். பஞ்சு உதிரும் காரில் சம்பந்தி வீட்டு வாசலில் போய் இறங்க முடியுமா? பெண் கொடுக்கும் வீட்டின் தாய்மாமன், அதுவும் ஓர் உப அதிபர்.

இரண்டாம் ஞாயிறுக்குள் ரெக்சினும், செருப்புத் தைப்பவர்கள் பாவிக்கும் மஞ்சள் பசையும் வாங்கிவிட்டேன். பலகையைச் சுரண்டி, பசையைப் பூசி, சுடச்சுட ரெக்சினை இழுத்து ஒட்டினேன். இரண்டு பக்கமும் பூசி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டுத்தான் ஒட்ட வேண்டும் என்று அந்த வெள்ளைச் சட்டைக்காரர் சொல்லியிருந்தார். வீடியோவில் அந்த இடத்தை நான் வேகமாக ஓட்டித் தாண்டியிருந்தேன். என் மருமகள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, இந்தக் கெழம வெலிமடைக்கு..."

"அந்த மூலைய நல்லா இழுத்துப் புடிம்மா. சுருக்கு விழுது பாரு."

இழுத்துப் பிடித்தாள். சாப்பிடும்வரை பிடித்துக்கொண்டே நின்றாள். கையை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். மறுநாள் காலை பார்த்தால் ரெக்சின் முழுக்கக் குமிழ். அம்மை கண்ட உடம்பு தோற்றுப்போகும்.

மூன்றாம் ஞாயிறு எல்லாவற்றையும் உரித்து மறுபடி தொடங்கினேன். என் மனைவி முற்றத்துக்கு வந்து, தேங்காய் துருவிக்கொண்டிருந்த கையோடு கத்தினாள். "ஏங்க, கதவ ஒட்டி முடிச்சுதான் ஒங்களுக்கு வாய் தொறக்குமா? ரோட்டு முனையில வெலிமட பஸ் போகுதே, கண்ணு தெரியலியா?"

பஸ் போவது எனக்கும் தெரியும். மரக்கறி மூட்டைகளுக்கு நடுவில் ஒற்றைக் காலில் நின்று, வியர்த்து, கசங்கிய சட்டையோடு போய் இறங்கி, "கல்யாணத்தைத் தள்ளி வையுங்கள்" என்று கேட்டால் யார் மதிப்பார்கள்? பெரிய வார்த்தை பேசப் போகிறவன் பெரிய மனிதனாகப் போய் இறங்க வேண்டும். இதை மனைவிக்கு விளக்கினேன். அவள் மிச்சத் தேங்காயைத் துருவ உள்ளே போய்விட்டாள். நான் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மருமகள் பசை டின்னை மூடி வைத்தாள். பிறகு, "மாமா, நானும் வர்றேன். பஸ்லயே போய்ட்டு வந்துருவமா?" என்றாள்.

கல்யாணத்துக்கு முன் பெண் மாப்பிள்ளை வீட்டுப் படியேறுவது எங்களிடம் கிடையாது. அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்கிறாளென்றால் எந்த நிலையில் நிற்கிறாள் என்று அந்த நிமிடமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் சிரித்தேன். "நல்லா இருக்கே, நீயே போயி நிக்கிறதா? அடுத்த ஞாயித்துக்கெழம காலையில போறேன். திங்கக்கெழமதானே பதிவு? நாள் கெடக்கு" என்றேன்.

சொன்னபடி சனிக்கிழமை நான்கு கதவையும் முடித்துவிட்டேன். உண்மையாகவே அழகாக இருந்தது. சுருக்கில்லை, குமிழ் இல்லை. நான் கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தேன். இத்தனை பாடுபட்டு ஒட்டியதை வெலிமடைத் தூசு கெடுத்துவிட்டால்? வீட்டில் கிடந்த புதுப் பொலித்தீனை வெட்டி, நான்கு கதவுக்கும் ஓரம் வரை இழுத்து டேப் போட்டு மூடினேன். வேறு எந்த இனத்தானுக்கும் அந்த யோசனை வந்திருக்காது.

ஞாயிறு காலை பளீரென்று வெயில். குளித்து, திருநீறு பூசி, இஸ்திரி போட்ட சட்டையோடு காரைத் திறந்தால் பசை வாடை மூக்கைத் துளைத்தது. காயாத பசையின் ஆவி பொலித்தீனுக்குள் அடைபட்டு, வெயிலில் வெந்து, ரெக்சின் நான்கும் பூரி மாதிரி உப்பியிருந்தன. நான் சட்டையைக் கழற்றி வைத்தேன். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

அன்று அவள் வரவில்லை. திங்கட்கிழமையும் வந்து போயிற்று. மறந்துவிட்டேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். மறக்கவில்லை. அன்று காலை வருகைப் பதிவேட்டில் என் கையாலேயே திகதி எழுதினேன். தொலைபேசியில் பேசலாமே என்று ஒரு யோசனை வந்தது. இதையெல்லாம் தொலைபேசியில் பேசுவது மரியாதையில்லை என்று அடுத்த யோசனையும் வந்தது. எனக்கு யோசனைகளுக்குக் குறைவே இருந்ததில்லை.

அந்த வாரம் காரைக் குஷன் கடைக்குக் கொண்டுபோனேன். பாஸ் காலைத் தேநீருக்கும் மதியச் சோற்றுக்கும் இடையில் நான்கு கதவையும் முடித்துக் கொடுத்தார்.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. கொஸ்லந்தயிலிருந்து வெலிமடை வரை மணப்பெண்ணை நானே ஓட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்க அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அக்கா பூரித்துப்போயிருந்தாள். மருமகளைக் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போனேன். புகைப்படங்களில் நிறைவாகச் சிரிக்கிறேன். மண்டபத்துக்கு வந்த சனத்தில் ஒரு ஆள்கூடக் கார்க் கதவின் உட்புறத்தை எட்டிப் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து மாமன் வீட்டு விருந்துக்குப் பெண்ணும் மாப்பிள்ளையும் மாப்பிள்ளையின் அம்மாவும் பதுளைக்கு வந்தார்கள். வந்தவர்கள் பஸ்ஸில் வந்தார்கள். லொறி கொழும்புக்குச் சாமான் ஏற்றிப் போயிருந்ததாம். அந்த அம்மா ஒரு பை நிறைய உருளைக்கிழங்கும் பீட்ரூட்டும் கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்விறாந்தையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, புள்ளைக்கு வாத்தியார் படிப்புக்கு எடம் கெடச்சிச்சாமே? போன வாரந்தான் மகன்கிட்ட சொல்லியிருக்கு."

தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா? எங்க மகனும் சொந்தமா ஒரு லொறி எடுத்த பொறகு கட்டிக்கிறேன்னுதான் சொன்னான். நாங்கதான், நாள் குறிச்ச பொறகு கேட்டா பொண்ணு வீட்டுல சங்கடப்படுவாங்களோன்னு வாய மூடிக்கிட்டு இருந்தோம். மூணு வருஷம் தள்ளி வக்கிறதுக்கு என்னங்க? டீச்சர் மருமக வேணாம்னா சொல்லப்போறோம்?"

அந்த அம்மா குற்றம் சாட்டவில்லை. நஷ்டம் தன்னுடையதும்தான் என்பதுபோல் சொன்னார். நான் முற்றத்தில் நின்ற காரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. வெட்கம் என்பதுகூடச் சின்ன வார்த்தை. ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று, "அந்த நேரம் பாருங்க..." என்று தொடங்கினேன். அதற்குமேல் போகவில்லை. கார்க் கதவு கிழிந்திருந்தது என்று எந்த வாயால் சொல்வது?

அப்போது என் மருமகள் தேநீர்த் தட்டோடு வந்தாள். கேட்டிருக்கிறாள். மாமியாருக்கு ஒரு கோப்பை கொடுத்தாள், எனக்கு ஒன்று கொடுத்தாள். எனக்குக் கொடுத்ததில், நான் குடிக்கிற மாதிரியே சீனி குறைவாகப் போட்டிருந்தாள்.

"விடுங்க அத்தை. மாமாவுக்கு அந்த மாசம் ரொம்ப வேல. எனக்காகத்தான் அவ்வளவும் செஞ்சாரு" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் ஏதும் இல்லை. எங்கள் குடும்பத்தில் கிண்டல் செய்யத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், எங்கிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். தேடித் தேடிப் பார்த்தேன். இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.