அனுமதி இல்லாமல் போனவள்

குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு யாரும் எதையும் கற்றுத்தரவில்லை. சிவகங்கையில் ஒரு மேசையைக் காட்டினார்கள், ஒரு சட்டப் புத்தகத்தைக் கொடுத்து, "படிச்சுக்கங்க மேடம்" என்றார்கள். மறுநாளே காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டுக்கு விசாரணைக்கு அனுப்பிவிட்டார்கள். குழந்தையை அடிக்கும் தகப்பனுக்கு என்ன தண்டனை என்று அந்தப் புத்தகத்தில் இருந்தது. அந்தத் தகப்பன் அரிவாளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால் நான் என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை.

மிச்சத்தை நானே பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வண்டியை ஊரைவிட்டு வெளியேறும் திசையில் திருப்பி நிறுத்த வேண்டும். வார் வைத்த செருப்பு ஆகவே ஆகாது; வீட்டுக்குள் போகும்போது கழற்றித்தான் தீர வேண்டும், ஓடி வரும்போது மாட்ட நேரம் இருக்காது. முன்அறையைத் தாண்டி உள்ளே போய் உட்காரக் கூடாது. "எந்த ஊருத்தா நீ, யாரு வீட்டுப் புள்ள?" என்று ஒருவர் வாஞ்சையாகக் கேட்டால் உருகிவிடக் கூடாது. நான் என்ன சாதி, யாரைப் பிடித்தால் என்னை அடக்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கேள்வி. இதெல்லாம் எந்தச் சுற்றறிக்கையிலும் கிடையாது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் வந்து சேர்ந்தாள். திருப்பத்தூர்ப் பக்கத்துப் பெண், சமூகப்பணி படித்தவள். அப்பா இல்லை, அம்மாவுக்கு உடம்பு முடியாது. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. எல்லோரையும் போல ஒப்பந்தப் பணிதான், வருடா வருடம் மார்ச் மாதம் நீட்டிப்பார்களா என்று நாள் எண்ணிக் கிடக்கும் வேலை. அவளுக்கும் ஒரு மேசையைக் காட்டி ஒரு புத்தகத்தைக் கொடுத்தார்கள். எனக்குப் பாவமாக இருந்தது. வண்டி, செருப்பு, முன்அறை என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அவள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். என்னை ஒரு வாத்தியாராக ஆக்கிவிட்டாளே என்று உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததில் பதிவேடும் ஒன்று.

எங்கள் அலுவலகத்தில் நடமாட்டப் பதிவேடு என்று ஒன்று உண்டு. எங்கே போகிறோம், எதற்கு, எத்தனை மணிக்கு என்று எழுதி, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் வெளியே கிளம்ப வேண்டும். விதி அதுதான். அதிகாரியோ பாதி நாள் ஆட்சியர் அலுவலகக் கூட்டத்தில் இருப்பார். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு இன்றைக்குக் கல்யாணம் என்று தகவல் வந்தால் அவர் கூட்டம் முடிந்து வரும்வரை முகூர்த்தம் காத்திருக்குமா? அதனால் போய்விட்டு வந்து சாயங்காலம் எழுதுவோம், காலை நேரத்தைப் போட்டு நீட்டுவோம், அவரும் நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போடுவார். ஒருமுறை நான் ஒழுங்காக முன்கூட்டியே எழுதிக்கொண்டு போனதற்கு, "போற இடத்துல ஒண்ணுமில்லைன்னா அப்புறம் அடிச்சுத் திருத்தணும். வந்து எழுதுங்க மேடம்" என்று அவரே திருப்பிக் கொடுத்தார். அதன் பிறகு அலுவலகத்தில் எல்லோருக்கும் அதுவே வழக்கம்.

"கெளம்பு தாயி, வந்து எழுதிக்கிருவோம்" என்று அவளிடம் நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

ஆவணி மாதம். அரியக்குடியைத் தாண்டி ஒரு ஊரில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணுக்கு மறுநாள் காலை கல்யாணம், மாப்பிள்ளை தாய்மாமன் என்று தகவல் வந்தது. அதிகாரி கூட்டத்தில் இருந்தார். ஜீப்பை வேறு வேலைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். காவல் நிலையத்தில் கேட்டால், "நீங்க போய்ப் பாருங்க, ஏதாச்சும்னா கூப்பிடுங்க" என்றார்கள். அந்த ஏதாச்சும் நடந்த பிறகு கூப்பிடக் கையில் போன் இருக்குமா என்று யாரும் யோசிக்கவில்லை.

அவள் என் மேசைப் பக்கம் வந்து நின்றாள். "அக்கா, நீங்களும் வாரீகளா?"

அந்த மாத அறிக்கையைப் படங்களோடு கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். படம் ஏறுவேனா என்று அழிச்சாட்டியம் செய்துகொண்டிருந்தது. "நீ போயி பாத்துட்டு மட்டும் வாத்தா" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் ஸ்கூட்டியை ஊர்முகப்பில் சரியாகத் திருப்பித்தான் நிறுத்தியிருக்கிறாள். முன்அறையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் சுற்றி நிற்க, "உனக்கு வயசு என்னம்மா, உனக்கு இதுல விருப்பமா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டாள். குழந்தையைத் தனியாக அழைத்துப் பேச வேண்டும், அதுவும் பள்ளிக்கூடத்தில் வைத்துப் பேசுவதுதான் நல்லது. இது எனக்குத் தெரியும். அவளுக்குச் சொல்ல மறந்துபோனேன். செருப்பைப் பற்றிச் சொன்னவளுக்கு இது ஞாபகம் வரவில்லை.

அந்தப் பெண் அழ ஆரம்பித்ததும் தாய்மாமன் எழுந்தான். "எங்க வீட்டுக் கல்யாணத்துல நீ யாருடி?" என்று போனைப் பிடுங்கினான். பிடித்துத் தள்ளியதில் வாசற்படியில் விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. வெளியே விட்டால் போலீஸுக்குப் போவாள் என்று நெல் மூட்டை போட்டிருந்த அறையில் வைத்துப் பூட்டினார்கள். இரண்டு மணி நேரம். பந்தல் வேலை மும்முரத்தில் எல்லோரும் முன்பக்கம் இருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வந்து கதவைத் திறந்திருக்கிறாள். "அங்குட்டுப் போகாத. இங்குட்டு கம்மாக்கரை வழியா ஓடிப்போயிரு" என்றாளாம். வண்டியை விட்டுவிட்டு வெறுங்காலோடு பிரதான சாலைக்கு நடந்து, பஸ் ஏறி, அவளாகவே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தாள். ஒரு நர்ஸின் போனிலிருந்து என்னைக் கூப்பிட்டபோது மணி நான்கு. அதுவரை எனக்கு அவள் நினைப்பே வரவில்லை. அறிக்கையை ஏற்றி முடித்த நிம்மதியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடியலில் போலீஸோடு போனோம். கல்யாணம் நின்றது. அந்தப் பெண் இப்போது விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அந்த மாத அறிக்கையில் "தடுத்து நிறுத்தப்பட்ட குழந்தைத் திருமணம்: ஒன்று" என்று ஏற்றினேன். மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது.

அந்த வீட்டார் சும்மா இருக்கவில்லை. யாரோ ஒருத்தி அத்துமீறி வீட்டுக்குள் புகுந்து மிரட்டினாள் என்று புகார் கொடுத்தார்கள். பதிவேட்டைத் திறந்து பார்த்தால் அந்தத் தேதியில் அவள் பெயரே இல்லை. சாயங்காலம் வந்து எழுத வேண்டியவள் ஆஸ்பத்திரியில் கிடந்தாளே, யார் எழுதுவது? காகிதப்படி அவள் எங்கேயும் போகவில்லை. பணியில் பட்ட காயம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. "எனக்குத் தெரியாமப் போயிருக்காங்க" என்று அதிகாரி கைகழுவிவிட்டார். வேறு மாவட்டத்திலிருந்து ஒருவர் விசாரணைக்கு வந்தார். வந்து எழுதுவதுதான் இங்கே வழக்கம் என்று யாராவது ஒருவர் சொன்னால் அவள் வேலை தப்பும்.

முதலில் அவளைக் கூப்பிட்டார்கள். மாவுக்கட்டோடு உள்ளே போனவள் அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டுப் போனாள்.  சொல்லிவிட்டாள், அக்காதான் சொல்லிக்கொடுத்தாக என்று என் பெயரைச் சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். அவள்மேல் ஆத்திரம்கூட வந்தது. முறிந்த கையோடு நிற்பவள்மேல் எனக்கு ஆத்திரம்.

உள்ளே போனேன். "போயிட்டு வந்து எழுதுறது இங்க வழக்கமா?" என்று அவர் கேட்டார்.

"இல்ல சார். எழுதிக் கையெழுத்து வாங்கிட்டுத்தான் போவோம். அந்தப் புள்ள புதுசு, அவசரப்பட்டுருச்சு."

அவர் எழுதினார். நான் வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மார்ச் மாதம் எனக்கு நீட்டிப்பு வந்தது. முன் அனுமதி இன்றித் தன்னிச்சையாகச் சென்றவர் என்று அவளை நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் பயிற்சி வந்தது. பணியாளர் பாதுகாப்புக்கு ஒருநாள் பயிலரங்கு. பெரிய பேனர், குளிர்சாதன அரங்கு, மதியம் பிரியாணி. சென்னையிலிருந்து வந்தவர் மன அழுத்தம் வந்தால் மூச்சை எப்படி இழுத்துவிட வேண்டும் என்று செய்துகாட்டினார். நாங்கள் நாற்பது பேரும் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டோம். அனுபவசாலி என்று என்னையும் பேசச் சொன்னார்கள். தனியாகப் போகக் கூடாது, போலீஸ் இல்லாமல் போகக் கூடாது, பதிவேட்டில் எழுதாமல் போகவே கூடாது என்று பேசினேன். கை தட்டினார்கள். அடிபட்ட ஒரே ஆளுக்கு அழைப்பில்லை, அவள்தான் பணியாளர் இல்லையே.

போன தீபாவளிக்குக் காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் அவளைப் பார்த்தேன். சேலைப் பிரிவில் விற்பனைக்கு நின்றாள். திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன், அதற்குள் "அக்கா!" என்று கூப்பிட்டுவிட்டாள். அம்மாவைப் பற்றி, விடுதியில் இருக்கும் அந்தப் பெண்ணைப் பற்றி எல்லாம் பேசினாள். பேசிக்கொண்டே சேலைகளை உதறி விரித்தாள். இடது கை சரியாக மடங்கவில்லை.

"அன்னைக்கு விசாரணையில, உனக்கு யாரு இப்புடிச் சொல்லிக்குடுத்தாகன்னு மூணு தடவ கேட்டாகக்கா" என்றாள். "யாரும் இல்ல, நானாத்தான் போனேன்னு சொல்லிட்டேன். நம்மளால உங்களுக்கும் வேல போயிறக் கூடாதுல்ல."

நான் கையில் இருந்த சேலையின் முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்களும் எனக்காகத்தான் பேசியிருப்பீக. அவுக கேக்கலபோல."

"ஆமாத்தா" என்றேன். "எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."