கிடா துலுக்கியது... கொழுந்தன் அசையவில்லை!

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி. என் கொழுந்தன் செல்வம் பாயில் படுத்தபடியே கத்தினான்.

“மதினி, வெரசா வாங்க... எனக்குக் காலு வரல!”

முதலில் சிரித்துவிட்டேன். போடியிலிருந்து ஏலக்காய் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர் அவன். சோலிக்கு மட்டம் போட அவன் சொல்லாத சாக்கா? ஆனால் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. ரெண்டு காலும் அசையவில்லை. கையைத் தூக்க முடியவில்லை. கிள்ளினால் மட்டும், “ஆத்தே, வலிக்குது!” என்கிறான். வலி தெரிகிறதாம், ஆட்டத்தான் முடியவில்லையாம். இது என்னடா கூத்து?

“சாமி குத்தம்... சாமி குத்தம்!” — என் மாமியார் மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

முந்தின நாள்தான் குரங்கணிப் பக்கம் எங்கள் குலசாமிக்குக் கிடா வெட்டு. கிடா மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்தால் அது உடம்பை உதற வேண்டும். ‘துலுக்குவது’ என்போம். அதுதான் சாமியின் சம்மதம். அப்புறம்தான் அரிவாள். ரொம்ப நேரம் பிகு பண்ணிவிட்டு எங்கள் கிடாவும் துலுக்கியது. அன்றைக்கு முழுக்க மேட்டுப் பாதையில் விறகும் அண்டாவும் சுமந்தவன் செல்வம். பொழுது சாய உட்கார்ந்து கறிக்குழம்பை ஊற்றிச் சோற்றை வெளுத்துக் கட்டினான்.

நாலு பேர் தூக்கி வண்டியில் ஏற்றினோம். தேனி போகும் வழியில் என் காதோரம் சொன்னான்.

“மதினி, அம்மாட்ட சொல்லிறாதீங்க. கிடா தானாத் துலுக்கல. எல்லாரும் பசியோட நிக்கிறாகளேன்னு நாந்தான் அது காதுல வேப்பங்குச்சிய விட்டேன். அதான் சாமி காலப் புடுங்கிருச்சு. இனி எப்பிடி மதினி வண்டி ஓட்டுவேன்?”

இருபத்தெட்டு வயசு ஆம்பளை. தேம்பித் தேம்பி அழுகிறான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தம் எடுத்தார். ஈசிஜி பார்த்தார். “நேத்து கடுமையான வேலையா? அதுக்கு மேல ஃபுல் மீல்ஸா?” என்று கேட்டார். எப்படிக் கண்டுபிடித்தார்?

“ரத்தத்துல பொட்டாசியம் ரொம்பக் குறைஞ்சு போச்சு. சரியாயிரும், பயப்படாதீங்க.”

நான் விடுவேனா? “பொட்டாசியத்துக்கும் காலுக்கும் என்ன டாக்டர் சம்பந்தம்?”

ஒரு தாளைத் திருப்பிப் போட்டு வரைந்தார். “நரம்புல ஓடுற கரண்டு, வீட்டு வயர்ல ஓடுற மாதிரி இல்ல. செல்லுக்கு வெளிய சோடியம் ஜாஸ்தி, உள்ள பொட்டாசியம் ஜாஸ்தி. நடுவுல மெல்லிசா ஒரு சவ்வு, அதுல குட்டிக் குட்டிக் கதவு. காலை ஆட்டணும்னு நினைச்சா ஒரு கதவு திறந்து சோடியம் அயனிகள் திபுதிபுன்னு உள்ள பாயும். உடனே பக்கத்துக் கதவு திறக்கும், அப்புறம் அதுக்கடுத்தது. பின்னாடியே பொட்டாசியம் வெளிய போயி, பழைய நிலை வந்துரும். இப்படியே கதவு கதவாத் திறந்து செய்தி பாதம் வரைக்கும் போகும்.”

அயனி! பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறுநாளே மறந்த அதே அயனி! நம்மை நடக்க வைப்பதே அதுதான் என்று அன்றைக்கு ஒருத்தராவது சொல்லியிருக்கக் கூடாதா?

“இவருக்கு நரம்பு ஒழுங்காத்தான் செய்தி கொண்டாருது. தசைச் செல்லுலயும் இதே மாதிரிக் கதவுகள் உண்டு. சிலருக்கு ஓவர் வேலை, ஓவர் சோறு சேர்ந்தா ரத்தத்துல இருக்கற பொட்டாசியம் செல்லுக்குள்ள போயிரும். அப்ப கதவு முரண்டு பிடிக்கும், தசை அசையாது.”

அடக்க முடியாமல் வேப்பங்குச்சி விஷயத்தை உளறிவிட்டேன். டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். “தண்ணி பட்டாலும் குச்சி பட்டாலும் கிடாவோட நரம்புல இதே கதைதாங்க!”

பொட்டாசிய மருந்து கொடுத்தார்கள். ஈசிஜியைப் பார்த்துப் பார்த்து, மெதுவாக. (கூடினால் இதயத்துக்கே ஆபத்தாம். நீங்களாக வாங்கிக் குடித்து வைக்காதீர்கள், தாயே!) செல்வத்தின் பாதத்தையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம்... ரெண்டு மணி நேரம்... மதியம் தாண்டி, வலது கட்டை விரல் ஆடியது. நான் போட்ட கத்தலில் நர்ஸ் ஓடி வந்துவிட்டார்!

சாயங்காலம் கட்டிலைப் பிடித்து எழுந்து நின்றான். வீட்டிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்த அம்மாவைப் பார்த்தான். உடைந்துவிட்டான்.

“அம்மா... கிடா காதுல குச்சிய விட்டது நாந்தாம்மா.”

“எனக்குத் தெரியாதாடா கூறுகெட்ட பயலே? பக்கத்துலதான நின்னேன்.” மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எனக்கும் பசிச்சுச்சு... பேசாம இருந்துட்டேன்.”

செல்வம் வார்டின் அந்தக் கோடி வரை நடந்தான். திரும்பி வந்தான். மறுபடி நடந்தான். ‘போதும், வந்து படுங்க’ என்று நர்ஸ் அதட்டியும் கேட்கவில்லை.

எங்கே, உங்கள் கால் கட்டை விரலை ஒரு தடவை ஆட்டுங்கள் பார்ப்போம்... ஆடுதா? அப்புறம் என்ன, ஜமாயுங்கள்!