வெப்ஸ்டர் வீட்டுச் சம்பந்தம்

ஹொல்ஸ்டெப்ரோ என்ற டெனிஸ் ஊரில் டாக்டரின் அறைக்கு வெளியே தாதி வந்து "வெப்ஸ்டர்" என்று கூப்பிட்டால், எழுந்து நிற்கிற அருள்நாயகியைத் தாண்டித்தான் அவளின் கண் போகும். பின்னால் எங்கேயோ ஒரு வெள்ளைக்காரியைத் தேடும். "நான்தான்" என்று அருள்நாயகி கொஞ்சம் சத்தமாகவே சொல்வாள். முப்பத்தைந்து வருடமாகச் சொல்கிறாள், இன்னும் அலுக்கவில்லை.

நான் விமலராணி. அவளும் நானும் ஒரே முதியோர் இல்லத்தில்தான் வேலை செய்கிறோம். அகதியாக வந்த நாளில் எங்கள் எல்லோருக்கும் குடும்பப் பெயர் கேட்டார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயரையோ புருசன் பெயரையோ சொன்னோம், அதையே எழுதிக்கொண்டார்கள். அருள்நாயகியிடம் மட்டும்தான் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் இருந்தது. அவளைத்தான் பொய் சொல்கிறாள் என்று இரண்டு தரம் விசாரித்தார்கள்.

அந்தப் பெயரின் கதையை அவள் யாரிடமும் மறைத்ததில்லை. அவளுடைய பூட்டனுக்குத் தகப்பன் அப்போது ஏழு வயதுப் பொடியன். கொள்ளைநோயில் தாயும் தகப்பனும் போய்விட்டார்கள், வீட்டில் கஞ்சிக்கும் வழியில்லை. வட்டுக்கோட்டைப் பக்கம் மிசனரிமார் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். தங்க இடம், மூன்று நேரச் சோறு. அமெரிக்காவில் யாரோ ஒரு கடைக்காரர் ஒரு பிள்ளையின் செலவைத் தான் பார்ப்பதாக எழுதியிருந்தார், பிள்ளைக்குத் தன் பெயரை வைக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. கந்தனாகப் போன பொடியன் வெப்ஸ்டராகச் சாப்பிட்டான். அந்தக் கடைக்காரர் முகத்தை அவன் கடைசிவரை பார்த்ததில்லை, பெயர் மட்டும் பரம்பரையாக நிலைத்துவிட்டது.

பெயருக்கு அர்த்தம் சொன்னவர் எங்கள் இல்லத்தில் இருந்த ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். பழைய இங்கிலாந்தில் நெசவு நெய்கிறவளுக்கு அந்தப் பெயராம். முதலில் பெண்ணைத்தான் சொன்னார்களாம், பிறகு ஆணுக்கும் ஆகி, குடும்பங்களுக்கு நிலைத்துவிட்டதாம். அருள்நாயகி சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்தபடி என்னிடம் ஓடிவந்தாள்.

"விமலா, கேட்டியே? ஒரு பொம்பிளையின்ர தொழிலடி என்ர பேர்!"

அன்று முழுக்க அவளைப் பிடிக்க முடியவில்லை. அந்த அர்த்தமே அவள் மகளின் கலியாணத்தில் வந்து குறுக்கே நிற்கும் என்று இருவருக்கும் தெரியாது.

மகள் ஷரோன். தகப்பன் இல்லாமல் வளர்ந்தவள். தலைநகருக்குப் பக்கத்தில் புரொண்பியில் இருக்கிற தாரகனை விரும்பினாள். தாரகனின் தகப்பன் பாலேந்திரா கோயில் சபையில் பெரிய ஆள். பெண் கிறிஸ்தவள், வேதக்காரி என்பதை எப்படியோ விழுங்கிவிட்டார். கலியாணக் கார்ட்டை யாழ்ப்பாணத்தில் அடித்து எடுப்பிக்கிறேன் என்று பொறுப்பும் எடுத்தார். முந்நூறு கார்ட் வந்தது. நல்ல தடித்த மட்டை, தங்க எழுத்து. பெண்ணின் தாய் "திருமதி அருள்நாயகி". வெப்ஸ்டரைக் காணோம்.

மறதியாக்கும் என்று அருள்நாயகி போன் எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள், நான் பக்கத்தில் இருந்தேன்.

"மறக்கேல்லைத் தங்கச்சி," என்றார் பாலேந்திரா. "கனடாவில இருக்கிற எங்கட பெரியப்பா இன்ரநெற்றில தேடிப் பாத்தவர். அந்தப் பேருக்கு நெசவு எண்டு போட்டிருக்காம். மிசனரிமார் ஆக்களைப் பாத்துத்தானே பேர் வைச்சிருப்பினம்? அதுதான் கேக்கிறன், நீங்கள் என்ன ஆக்கள்?"

இந்த மனுசர் இங்கிலாந்துக்காரனுக்கும் சாதி பார்த்துவிட்டார்கள்! எந்தக் காலத்திலோ எவளோ ஒருத்தி எங்கேயோ துணி நெய்தாள் என்பதற்காக, ஹொல்ஸ்டெப்ரோவில் ஒரு பிள்ளையின் கலியாணம் நிற்கப் பார்க்கிறது.

என்ன சாதி என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அலுவல் முடிந்திருக்கும். அந்தச் சொல் எனக்கும் தெரியும். பாலேந்திரா நிம்மதியாக மூச்சுவிட்டிருப்பார். அருள்நாயகி சொல்லவில்லை. நானும் இங்கே சொல்லப் போவதில்லை.

போனை வைத்துவிட்டு ஒரு கறுப்புப் பேனையை எடுத்தாள். முதல் கார்ட்டில் தன் பெயருக்குப் பக்கத்தில் "வெப்ஸ்டர்" என்று எழுதினாள். பிறகு அடுத்தது. ஷரோன் வேலையால் வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள். ஏனென்று டெனிஸ் மொழியில் கேட்டாள். தாய் சொன்னாள், ஒன்றையும் ஒளிக்காமல். பிள்ளையின் முகம் சிவந்துவிட்டது. தாரகனுக்குப் போன் எடுத்து ஐந்து நிமிசம் கதைத்தாள். பிறகு மேசையில் வந்து இருந்து இன்னொரு பேனையை எடுத்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை நாலாம் வகுப்போடு விட்டவள். அவள் எழுதின "வெப்ஸ்டர்" ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சரிந்து கிடந்தது. முந்நூறும் எழுதி முடித்தார்கள்.

தாரகன் மூலம் செய்தி போய், வந்த ஞாயிற்றுக்கிழமை பாலேந்திரா கடல்மேல் போட்ட பெரிய பாலத்தைத் தாண்டி நாலு மணித்தியாலம் கார் ஓடி வந்தார். கையில் வெப்ஸ்டர் இல்லாமல் இங்கேயே புதிதாக அடித்த கார்ட் பெட்டி ஒன்று. அருள்நாயகி முதலில் சோறு போட்டாள். அவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத்தான் கதையைத் தொடங்கினார்.

"தங்கச்சி, நான் கெட்டவன் இல்லை. நீங்கள் என்ன ஆக்கள் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. நானே உங்கட பேரை எல்லாக் கார்ட்டிலயும் போடுவிக்கிறன்."

"சொல்ல மாட்டன்."

"மறைக்க ஏதும் இருக்கோ?"

"ஒண்டும் இல்லை. ஆனால் அதைச் சொல்லித்தான் என்ர பிள்ளை உங்கட வீட்டுக்குள்ள வரவேணுமெண்டால், அவள் வரத் தேவையில்லை."

ஷரோனைப் பார்த்தேன். அவள் அசையவில்லை.

"மாமா," என்றாள் ஷரோன், வீட்டில் யாரோடும் கதைக்காத தமிழில். "நகரசபையில, கொம்யூனில நாங்கள் நாள் பதிஞ்சிட்டம். இருபத்திநாலாம் திகதி கலியாணம். தாரகனுக்கு எல்லாம் தெரியும். நான் பேர் மாத்தேல்லை, மாத்தவும் மாட்டன். நீங்கள் வரவேணும் எண்டு எனக்கு நல்ல விருப்பம்."

பாலேந்திரா மேசைப்பக்கம் திரும்பினார். மேசையில் இரண்டு பெட்டி. ஒன்று அவர் கொண்டுவந்தது, மற்றது இவர்கள் எழுதியது. இவர்களின் பெட்டியில் ஒரு கார்ட்டை எடுத்து, சரிந்து கிடந்த எழுத்தை விரலால் தடவினார்.

"அண்ணை," என்றாள் அருள்நாயகி. "எண்பத்தாறில செஞ்சிலுவை முகாமிலதானே முதல் வந்து நிண்டனீங்கள்?"

"ஓம்."

"ஆர் தந்த சாப்பாடு?"

அவர் கையிலிருந்த கார்ட்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

"அண்டைக்கு அவங்கள் சோத்தோட ஒரு பேரையும் தந்திருந்தால், வேண்டாமெண்டு சொல்லிப் பட்டினி கிடந்திருப்பீங்களோ?"

அவர் எழுந்தார். தான் கொண்டுவந்த பெட்டியைத் தொடவில்லை. இவர்களின் பெட்டியைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனார். அங்கே நின்று திரும்பினார்.

"இதென்ன பேர் எண்டு என்ர ஆக்கள் கேப்பினம். நான் என்னத்தைச் சொல்லுறது?"

"பசியில கிடைச்ச பேர் எண்டு சொல்லுங்கோ," என்றாள் அருள்நாயகி. "உங்கட ஆக்களுக்கு விளங்கும்."