கடலைப் பார்த்து நின்றவர்

எழுபதுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். பீங்கான் கம்பெனிகளின் கப்பு, பொம்மைகளைப் படம் எடுப்பதுதான் என் வேலை. கடலை அதுவரை பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளியின் கேமராவை வாங்கிக்கொண்டு கடலூர் பழைய துறைமுகத்துக்கு ரயிலேறினேன்.

உப்புக்காற்று, ஓடு சரிந்த கிடங்குகள், வலை உலர்த்தும் தெருக்கள் என்று கண்டதையெல்லாம் எடுத்துத் தள்ளினேன். கரையில் ஒரு பெண் தனியாக நின்றிருந்தார்.

"அக்கா, கொஞ்சம் கடலப் பாத்து நில்லுங்க."

"காலையிலேருந்து அதத்தான் தம்பி பாத்துக்கிட்டு நிக்கிறேன். முந்தாநேத்து கடலுக்குப் போன எங்க வூட்டுக்காரரு இன்னும் வரல."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கேமராவைப் பைக்குள் வைத்தேன். ஆனால் அவரை விட்டுப் போகவும் மனம் வரவில்லை. தூரத்தில் தெரிந்த ஒவ்வொரு புள்ளியையும் கைகாட்டிக் கேட்டேன்.

"அது படகாக்கா?"

"இல்ல தம்பி, அலை."

நான் போக வேண்டிய ரயிலும் போய்விட்டது. பொழுது சாயும்போது, பாய் கிழிந்த படகொன்று தள்ளாடி வந்தது. அதில் புருஷனைக் கண்டதும் அவர் சேலையோடு தண்ணீரில் இறங்கி ஓடினார். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். படம் எடுக்கத் தோன்றவில்லை.

இப்போதும் படத்துக்காக யாரையாவது ஒரு பக்கம் பார்த்து நிற்கச் சொல்லுமுன் என் வாய் ஒரு கணம் தயங்கும்.