ஆள் வராத கடற்கரை

மூக்குக்கண்ணாடிக் கடையில் மேலாளராக இருப்பவனுக்குக் குரலை அடக்கிப் பேசத் தெரிய வேண்டும். அவனுக்கு அது கைவந்த கலை. ஃபிரேமை எடுத்து எதிரே இருப்பவரின் காதில் மாட்டி, தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்து, "உங்க முகத்துக்கு இதுதான் சார் எடுப்பா இருக்கு" என்று அவன் சொல்லிவிட்டால் அதற்குமேல் மறுபேச்சு கிடையாது. கடையில் வேலை செய்கிறவர்கள் அவனுக்கு 'மெதுவா சார்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்.

அவனுடைய அக்காவுக்கோ மெதுவாகப் பேசவே வராது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில், ஆளைவிடப் பெரிய இயந்திரங்களுக்கு நடுவே, படுக்கை விரிப்புகளைத் துவைத்து உலர்த்தி மடித்தே அவள் காலம் ஓடிவிட்டது. அந்த இரைச்சலில் காது பாதி போய்விட்டது. காதுக்குக் கருவி மாட்டிய பிறகும் குரல் இறங்கவில்லை. வீட்டில் அவள் உப்புக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எடுத்துவந்து கொடுப்பார்கள் என்று தம்பி மனைவி கேலி செய்வாள். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போன பிறகு தம்பியைப் படிக்க வைத்ததும் ஆளாக்கியதும் அந்தச் சலவைக்கூடச் சம்பளம்தான். அதைப் பற்றி அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அவனும் வெளியாட்கள் யாரிடமும் வாய்திறந்ததில்லை.

தீவுக்கு விடுமுறை போகலாம் என்று முடிவானதும், "அத்தை வந்தாதான் நானும் வருவேன்" என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள். அக்காவும் வந்தாள்.

முதல் நாள் காலை, ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடம். கண்ணாடிச் சுவர்களுக்கு அப்பால் கடல் தெரிந்தது. எல்லோரும் கரண்டிச் சத்தம்கூடக் கேட்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா பழங்கள் அடுக்கியிருந்த மேஜை முன்னால் நின்று, "குட்டிம்மா, ஓடியா! எத்தனை தடவை வேணும்னாலும் எடுத்துக்கலாமாம்! யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாம்!" என்று கூவினாள். கூடமே திரும்பிப் பார்த்தது. மகள் சிரித்துக்கொண்டே அத்தையிடம் ஓடினாள். அவனுக்குக் கழுத்து வரைக்கும் சூடு ஏறியது.

திரும்பிப் பார்த்தவர்களில் அவனுடைய முதலாளியும் இருந்தார். அவர் இங்கே வருவார் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை. அவரும் மனைவியும் எழுந்து நேராக இவர்கள் மேஜைக்கே வந்துவிட்டார்கள். நலம் விசாரித்து முடிந்ததும் முதலாளியின் மனைவி பழ மேஜைப் பக்கம் பார்த்து, "அந்தம்மா யாரு? உங்க கூட வந்தவங்களா?" என்று கேட்டாள்.

"பாப்பாவைப் பாத்துக்க வந்தவங்க மேடம்."

வாய் கூசாமல் வந்தது. யோசித்துச் சொன்னதில்லை, ஆனால் ரொம்ப நாளாகத் தயாராக இருந்ததுபோல் வந்துவிட்டது. அவன் மனைவி காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"நாங்க முன்னாடி இருக்கிற பீச்சுலதான் இருப்போம். நீங்களும் வாங்க" என்று சொல்லிவிட்டு முதலாளி போனார்.

அவன் நேராக வரவேற்பு மேஜைக்குப் போய், வேறு கடற்கரை எது இருக்கிறது என்று கேட்டான். அங்கிருந்த பெண் தீவின் படத்தை விரித்துக் காட்டினாள். ஹோட்டல் முன்னால் இருப்பது ஆழமில்லாதது, மர நிழல் உண்டு. படகுத்துறைப் பக்கம் இருப்பதில் கூட்டம் அதிகம். தீவின் பின்பக்கம் ஒன்று இருக்கிறது, அங்கே பாறை, அலையும் முரடு.

"குழந்தை, வயசானவங்க இருந்தா முன்னாடி இருக்கிறதுதான் சார் நல்லது."

"பின்பக்கம் ஆளுங்க வருவாங்களா?"

"யாரும் வர மாட்டாங்க சார்."

"அப்ப அங்கேயே போறோம்."

"இங்க இருக்கிற கடலுக்கு என்ன குறைச்சல்?" என்று மனைவி கேட்டாள். அமைதியாக இருக்கும் என்றான். "யாருக்கு?" என்றாள் அவள். அவன் காரை வரவழைக்கப் போனான். அக்கா மட்டும், "எங்க போனா என்ன, உப்புத் தண்ணிதானே!" என்று சிரித்தபடி முதல் ஆளாகக் காரில் ஏறினாள்.

சாலை முடிந்த இடத்தில் இறக்கிவிட்டுக் கார் திரும்பிப் போனது. சரிவில் இறங்கினால் கையகல மணல், சுற்றிலும் கறுப்புப் பாறைகள். காற்று காதை அடைத்தது. அக்கா எவ்வளவு கத்தினாலும் கேட்க ஆள் இல்லை. அவன் அன்று முதல்முறையாக நிம்மதியாக மூச்சு விட்டான்.

அந்த நிம்மதி வெகுநேரம் நிலைக்கவில்லை. பாறையோரம் வைத்திருந்த மகளின் செருப்பை அலை இழுத்துக்கொண்டது. அக்கா அதை எட்டிப் பிடிக்கத் தண்ணீரில் கால் வைத்தாள். அடுத்த அலை அவளை அப்படியே தூக்கிப் பாறைமேல் போட்டது. அவன் பாய்ந்து இழுத்து மணலில் உட்கார வைத்தபோது கெண்டைக்காலில் நீளமாகக் கிழிந்திருந்தது. சிப்பி ஒட்டிய பாறை. காதிலிருந்த கருவியையும் காணோம்.

மனைவி துண்டால் காலைக் கட்டினாள். காரை வரச்சொல்லிவிட்டு அவன் அக்காவை முதுகில் ஏற்றிக்கொண்டு சரிவில் ஏறினான். கல்லும் முள்ளுமாக இருந்தது. அவள் உடம்பு நடுங்குவது முதுகில் தெரிந்தது. "ஈரத்துணி மூட்டை மாதிரி கனக்கிறேனாடா?" என்று கேட்டு அவளே சிரித்தாள். அவனால் சிரிக்க முடியவில்லை.

சிறிய ஆஸ்பத்திரி அது. நர்ஸ் தையல் போட்டுக் கட்டி, கூடத்திலிருந்த பெஞ்சில் உட்கார வைத்தாள். ஹோட்டலில் சேதி கேட்டு முதலாளியும் மனைவியும் தங்கள் காரிலேயே வந்துவிட்டார்கள். அவ்வளவு நல்ல மனிதர்கள். அது அவனுக்கு இன்னும் உறுத்தியது.

முதலாளியின் மனைவி அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப வலிக்குதாம்மா? நீங்கதானே பாப்பாவைப் பாத்துக்கிறவங்க?"

அக்காவுக்குக் கேட்கவில்லை. "என்னம்மா?" என்றாள்.

"பாப்பாவைப் பாத்துக்கத்தானே இவங்க உங்களைக் கூட்டிட்டு வந்தாங்க?" என்று அவள் சத்தமாகக் கேட்டாள். கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

அக்கா தம்பியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். அவன் தலை குனிந்திருந்தது. அது போதுமாக இருந்தது அவளுக்கு.

"ஆமாம்மா. பாப்பாவைப் பாத்துக்கத்தான் வந்தேன். தங்கமான குடும்பம்."

மெதுவாகச் சொன்னாள். அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி அவன் கேட்டதே இல்லை.

சும்மா இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், அதையும் அக்காவே சரிசெய்து கொடுத்துவிட்டாள். ஒரு கணம் அப்படியே விட்டுவிடலாம் என்றுகூடத் தோன்றியது. பிறகு, "இல்ல மேடம். இவங்க என் அக்கா. கூடப் பிறந்த அக்கா. காலையில நான் பொய் சொன்னேன்" என்றான்.

முதலாளி தரையைப் பார்த்தார். "சரி சரி, முதல்ல அக்காவுக்கு மருந்தை வாங்குங்க" என்றார். அவர் என்ன நினைத்தார் என்று அவனுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

"என்ன பொய்ப்பா?" என்று மகள் கேட்டாள். அவன் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தான்.

அறைக்குத் திரும்பியதும், அவன் என்ன சொன்னான் என்று தம்பி மனைவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அக்கா அவனைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் சமாளிச்சேன்ல! எதுக்குடா நீயா போய் அந்த மனுஷன்கிட்ட பொய்க்காரன்னு பேர் வாங்கின?"

"மன்னிச்சுடுக்கா" என்றான்.

"என்னது?"

"மன்னிச்சுடுன்னு சொல்றேன்க்கா!"

"சத்தமாச் சொல்லு!"

அவன் கத்தினான். நடைபாதையில் போய்க்கொண்டிருந்த யாரோ நின்றுவிட்டுப் போனார்கள். அக்கா அவன் தலையில் ஒரு குட்டு வைத்து, "போ, போய்ச் சாப்பிடு" என்றாள்.

மனைவியிடமும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் தடுத்தாள். "என்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. அந்த நேரத்துல நானும் வாயை மூடிக்கிட்டுத்தானே உக்காந்திருந்தேன்."

மறுநாள் ஹோட்டல் முன்னால் இருந்த கடற்கரைக்கே போனார்கள். கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு அக்கா மரத்தடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் அளவு தண்ணீரில் நின்ற மகளைப் பார்த்து, "குட்டிம்மா! பெரிய அலை வருது, குதி! குதி!" என்று கூவினாள். சுற்றிலும் படுத்திருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். தள்ளி ஒரு குடையின் கீழ் முதலாளியும் இருந்தார்.

உண்மையைச் சொன்னதோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று அவன் நினைத்திருந்தான். ஆனால் அதே சூடு கழுத்தில் மறுபடியும் ஏறியது. இத்தனைக்குப் பிறகுமா என்று கூனிக் குறுகிப்போனான். எழுந்து தண்ணீர் பாட்டில் வாங்கிவருவதுபோல் போய்விடலாம் என்று கால் பரபரத்தது.

போகவில்லை. நாற்காலியை இழுத்து அக்காவின் நாற்காலியோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.