மியூ-லிங் அடித்த தேதி

ஹாங்காங்கின் வடக்கே இருக்கும் தைப்போ ஊர் நில அலுவலகத்தில் ஹவ் மியூ-லிங்கின் கைபடாத குத்தகைப் பத்திரம் கிடையாது. 1958இல் தட்டச்சு வேலைக்கு வந்தபோது அவளுக்கு இருபது வயது. நான், வரைபடம் போடுகிற யிப், நாலு வயது மூத்தவன். என் படத்தை அவளுடைய பத்திரத்தோடு சேர்த்து நூலால் தைப்பாள்.

எந்தப் பத்திரமானாலும் முடிவுத் தேதி ஒன்றே, 1997 ஜூன் 27. ஹாங்காங்கின் வெள்ளைக்கார அரசாங்கமே எங்கள் பகுதி நிலத்தைச் சீனாவிடம் தொண்ணூற்றொன்பது வருடக் குத்தகைக்குத்தான் எடுத்திருந்தது. ஜூன் 30இல் அது தீரும். வாடகைக்கு இருப்பவன் தன் தவணையைத் தாண்டி உள்வாடகை விட முடியுமா? அதனால் ஊராருக்கு மூன்று நாள் குறைத்துக் கொடுத்தோம். மியூ-லிங் அந்தத் தேதியைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பாள். அது வரவே வராது என்றுதான் எல்லோரும் இருந்தோம். எவ்வளவு நல்ல காலம் அது!

1961இல் ஒரு நாள் எல்லோர் முன்னாலும், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டுத் தொலைத்தேன். அவள் விரல் நிற்கவில்லை.

"அப்பா படுக்கையில கெடக்கார், படக்காரரே. தொண்ணூத்தேழு ஜூன் இருபத்தேழுல வந்து கேளுங்க. சரின்னு சொல்றேன்."

அறையே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அப்புறம் நான் கேட்கவேயில்லை. அவளும் கட்டிக்கொள்ளவில்லை, நானும் இல்லை. எல்லாம் என் வீம்பு.

1982இல் இரண்டு அரசாங்கங்களும் பேச உட்கார்ந்தன. பிஸ்கட் டப்பாவில் பத்திரத்தைப் போட்டு எடுத்துக்கொண்டு ஊரே எங்கள் வாசலுக்கு வந்தது. குத்தகை தீர்ந்தால் வீடு யாருக்கு, வயல் யாருக்கு என்று அவளைப் பிடித்து உலுக்கினார்கள். தேதியை அடித்தது மட்டுமே தன் வேலை, வைத்தது தானில்லை என்று பொறுமையாகச் சொல்லி அனுப்புவாள். அந்தக் குளிர்காலத்தில் அவள் அப்பா போய்விட்டார். சாவுக்குப் போனேன். கேட்க வாய் வரவில்லை.

பிறகு 1997இல் ஊரைச் சீனாவிடமே திருப்பிக் கொடுப்பதென்று ஒப்பந்தம் ஆனது. 1988இல் சட்டம் வந்தது. யாரும் விண்ணப்பிக்காமலே பத்திரங்கள் எல்லாம் 2047 வரை நீண்டன. ஊர் பட்டாசு வெடித்தது. என் கேள்விக்கும் ஐம்பது வருடம் கூடிவிட்டது என்று நான் வீட்டில் படுத்துக்கொண்டேன்.

1997 ஜூன் 27, வெள்ளிக்கிழமை. ஓய்வுபெற்ற கிழவனாகத் தேநீர்க்கடையில் இறால் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்தேன். மியூ-லிங் வந்தாள். முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து எனக்குத் தேநீர் ஊற்றினாள். நன்றிக்கு இரண்டு விரலால் மேசையைத் தட்டினேன். அவள் எழுந்திருக்கிற வழியைக் காணோம்.

"என்ன, கேக்க மாட்டீங்களா?"

"அதான் ரெண்டாயிரத்து நாப்பத்தேழு வரைக்கும் நீட்டிட்டாங்களே" என்று அசடு வழிந்தேன்.

"நிலத்துக்குத்தான நீட்டினாங்க. நான் நீட்டலையே."

முப்பத்தாறு வருடம் கழித்து இரண்டாம் முறையாகக் கேட்டேன். நான் கேட்டு முடிக்கும் முன்பே சரி என்றாள்.